கருணையும் காரணமும்

சேவைக் கழகங்களின் மேடைகளில் ஹெலன் கெல்லரின் பெயர் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். 1925 யூன் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடைபெற்ற லயன்ஸ் மாநாட்டில், விழிப்புலனற்றோருக்குத் துணைநிற்குமாறு அவர் விடுத்த அழைப்பே அக்கழகத்தின் பார்வைப் பணிக்கு வித்திட்டது. சிக்காகோ வணிகர் மெல்வின் ஜோன்ஸ் 1917இல் தொடக்கிய அவ்வமைப்பு கண் சிகிச்சைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஆற்றிவந்த தொண்டு பெரிது. பார்வை மீளப் பெற்றவர் முன் நின்று, அது வெறும் தருமந்தானே என இகழ நாம் துணியோம்.

ஆயினும், அம்மேடைகள் நினைவுகூராத மற்றொரு ஹெலன் கெல்லரும் உளர். 1909இல் அமெரிக்க சோஷலிஸக் கட்சியில் சேர்ந்தவர் அவர். 'இருளிலிருந்து வெளியே' என்ற அவரது 1913ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுதி, பார்வையிழப்பைத் தனிமனித விதியாகக் கொள்ளவில்லை. வறுமையோடும் தொழிற்சாலைகளின் நிலைமைகளோடும் அறியாமையோடும் பிணைத்தே ஆராய்கின்றது. தடுக்கத்தக்க பார்வையிழப்பே இருத்தலாகாது என 1925இல் அவர் வேண்டியதன் முழுப் பொருளும் அந்நூலிலேயே விளங்கும். வணிகர் கூடிய கழகத்துக்குப் பணப்பையைத் திறப்பது எளிது. அப்பை நிறைந்த வழியை ஆராய்வது அரிது. கழகம் கருணையை ஏற்றது, காரணத்தைக் கைவிட்டது.

வெண்பிரம்பின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 1930இல் இலினோய் மாநிலத்துப் பியோரியா நகர லயன்ஸ் கழகத்தினர் விழிப்புலனற்றோரின் கைத்தடிக்கு வெள்ளை நிறம் தீட்டி வழங்கினர். அவ்வாண்டே நகரசபை, அதனை ஏந்தி வீதியைக் கடப்போருக்கு வழிவிட வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. பிரம்பைத் தந்தது கொடை. வாகனத்தை நிறுத்தியது சட்டம்.

இந்த வேறுபாட்டை விழிப்புலனற்றோரே நன்குணர்ந்தனர். 1940இல் அவர்கள் தமக்கெனத் தேசிய சம்மேளனமொன்றை அமைத்தனர். அதன் முதல் தலைவரும் பார்வையற்ற சட்ட அறிஞருமான ஜேக்கபஸ் டென்புரூக், 1966இல் எழுதிய ஆய்வில், ஊனமுற்றோர் வீதிகளிலும் பொது இடங்களிலும் நடமாடுவதைப் பிறர் இரக்கத்துக்கு விடாது, உலகில் வாழும் உரிமையாகவே நிலைநாட்டினார்.

ஆகவே, எத்தனை பிரம்புகள் வழங்கப்பட்டன என்ற கணக்கு மட்டும் நமக்குப் போதாது. எந்தச் சட்டத்துக்காகக் கழகம் வாதாடியது? முடிவெடுக்கும் ஆசனங்களில் ஊனமுற்றோர் எத்தனை பேர் அமர்ந்தனர்? இவற்றுக்கு விடை கூறும் கழகமே ஹெலன் கெல்லரின் பெயரை உச்சரிக்கும் தகுதி உடையது.