இரண்டாம் மகவும் தாயின் பெயரும்: ஓர் அந்தமான் வழக்கு

அந்தமான் பழங்குடியினரிடையே 1906 - 1908 ஆண்டுகளில் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922-இல் வெளியான தம் நூலில் ஒரு பெயர் வழக்கைக் குறித்துள்ளார். மகவு கருவிலிருக்கும்போதே பெயர் பெற்றது. அதுமுதல் பிறப்பிற்குப் பின் சில வாரங்கள் வரை பெற்றோரின் இயற்பெயர் விலக்கப்பட்டு, மகவின் பெயரைக் கொண்டே அவர்கள் சுட்டப்பட்டனர். சமுதாயத்தில் ஒருவர் தம் வழக்கமான இடத்தினின்று விலகிநிற்கும்போது அவர் இயற்பெயரும் விலக்கப்படும் என்பது அவர்தம் விளக்கம். இது விலக்கப்பட்ட பெயரையே பெரிதும் நோக்குகிறது. அதனிடத்தில் வந்த பெயரும் நோக்கத்தக்கது.

தமிழில் ‘கண்ணன் அம்மா’ என்னும் வழக்குப் பெரும்பாலும் தலைப்பிள்ளையின் பெயரால் அமைந்து நிலைத்துவிடுகிறது. இரண்டாம் மகவின் வரவு தாயின் பெயரில் தடம் பதிப்பதில்லை. அந்தமான் வழக்கோ தலைப்பிள்ளைக்கென வரையறுத்துக் கூறப்படவில்லை. ஆகவே இரண்டாம் மகவும் தாய்க்குப் புதுப்பெயர் தந்தது. சில வாரங்களில் அவள் பெயர் அவளுக்கே மீண்டது. இதனை இழப்பு என்பதினும், ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் மொழி அளித்த தனி மதிப்பு எனலே பொருந்தும்.