உவமை எது, உருவகம் எது?

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஓர் ஊர்ப்புறப் பங்கில் நல்ல சமாரியர் உவமையைப் பற்றி மறையுரை ஆற்றினேன். குருமடத்தில் படித்தவை மனத்தில் பசுமையாக இருந்த காலம். அடிபட்டவர் ஆதாம், கள்வர் அலகையும் அதன் தூதரும், சமாரியர் ஆண்டவர், சாவடி திருச்சபை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். திருப்பலி முடிந்தபின் முதியவர் ஒருவர் கோயில் முற்றத்தில் என்னை நிறுத்தினார். "சாமி, கதையிலே வர்றவங்க எல்லாரையும் யாருன்னு சொல்லிட்டீங்க. அந்தச் சமாரியர் ஆண்டவர்னா, நாங்க செய்ய வேண்டியது என்னங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இலக்கியச் சொல் ஒன்றில் நான் இடறியிருந்தேன் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது.

தமிழ் விவிலியத்தில் இயேசு சொன்ன கதைகளுக்கு 'உவமை' என்று பெயர். நம் அணியிலக்கணத்திலும் 'உவமை' உண்டு. அது ஒப்பீட்டைக் குறிக்கும். 'தாமரை போன்ற முகம்' என்பது உவமை. 'முகத்தாமரை' என்பது உருவகம். முன்னதில் இரு பொருள்களும் தனித்தனியே நின்று ஒரு பண்பால் ஒத்துப்போகின்றன. பின்னதில் முகமே தாமரையாகிவிடுகிறது. அவ்வுருவகத்தைக் கதை முழுவதும் நீட்டி, பாத்திரந்தோறும் பொருள்தோறும் மறைபொருள் ஒன்றை ஏற்றினால் அது தொடர் உருவகம்.

தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என ஒப்புமைக்கு நான்கு அடிப்படைகளை வகுத்தார். 'புலி போல் பாய்ந்தான்' என்றால் ஒப்புமை வினையில், அதாவது பாய்ச்சலில் இருக்கிறது. வால் எங்கே, வரி எங்கே என்று எவரும் தேடுவதில்லை. தொடர் உருவகத்திலோ வாலுக்கும் வரிக்கும்கூடப் பொருள் தேடியாக வேண்டும். ஆகவே ஒரு கதையை எவ்வகையென்று கொள்கிறோமோ, அதற்கேற்பவே அது நம்மிடம் பேசும்.

அன்று நான் பின்பற்றியது புனித அகுஸ்தினாரின் (354–430) விளக்கத்தை. அவர் எரிகோவை நிலவாகக் கொண்டு, அதில் மனிதரின் அழிவுறும் இயல்பைக் கண்டார். சமாரியரின் விலங்கு ஆண்டவர் ஏற்ற மனித உடல். சாவடிப் பொறுப்பாளர் புனித பவுல். அவருக்கு முன்னரே ஒரிஜனிடமும் இத்தகைய விளக்கம் உண்டு. மீட்பின் வரலாறு முழுவதையும் ஒரு கதைக்குள் காணும் அழகு அதில் இருக்கிறது. தியானத்துக்கு அது பெரிதும் உதவும். ஆயினும் லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் அக்கதை எழுந்த சூழலை அது மறைத்துவிடுகிறது.

அங்கே திருச்சட்ட அறிஞர் தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று வினவுகிறார். இயேசு கதையின் முடிவில் அவ்வினாவையே திருப்புகிறார்: அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் எவர் எனக் கேட்டு, அவ்வாறே செய்யச் சொல்லி அனுப்புகிறார். இங்கும் ஒப்புமை வினையில்தான் இருக்கிறது. யூதர் வெறுத்த சமாரியர் ஒருவரை அந்த அறிஞர் தம் முன்மாதிரியாக ஏற்க வேண்டும். கதையின் முள் அதுவே. சமாரியரை உடனே கிறிஸ்துவாக்கிவிட்டால் முள் முறிந்துபோகிறது. நாம் இழிவாகக் கருதும் ஒருவரிடம் கற்றுக்கொள்ளும் கடமையிலிருந்து நாமும் தப்பிவிடுகிறோம்.

செருமானிய அறிஞர் அடோல்ஃப் யூலிக்கர், 1888-இலும் 1899-இலும் வெளிவந்த தம் இரு தொகுதி ஆய்வில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தி, இக்கதையை முன்மாதிரிக் கதை என வகுத்தார். ஆனால் இயேசுவின் கதைகளில் தொடர் உருவகத்துக்கே இடமில்லை என அவர் கருதியது மிகை. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் கொடிய குத்தகைக்காரர் கதையைப் பாருங்கள். எசாயா 5-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் எதைக் குறிக்கிறது என்பது உடனே புலனாகும். அங்கே உருவகமாகப் படிப்பதே முறை.

மற்றொரு சொல் உயர்வு நவிற்சி. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது பற்றி இயேசு கூறியதை விளக்கும்போது, எருசலேமில் 'ஊசி வாயில்' என்றொரு சிறு கதவு இருந்ததாகவும், ஒட்டகம் சுமையை இறக்கி முழந்தாளிட்டு அதில் நுழையும் என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இயேசுவின் காலத்தில் அத்தகைய வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. முற்றிலும் இயலாததைச் சொல்லி அதிரவைப்பதே அக்கூற்றின் நோக்கம். மனிதரால் இயலாதது கடவுளால் இயலும் எனத் தொடர்ந்து வரும் மொழி அப்போதுதான் பொருள் தரும். கதவு கட்டியவர்கள் செல்வர்க்கு வழி அமைத்துக் கொடுத்து, கடவுளின் அருளுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்!

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்று, 1730-இல் தொன்னூல் விளக்கம் இயற்றி, அதில் அணியிலக்கணத்துக்கும் இடமளித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூலின் இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ளுமாறு நம்மைப் பணிக்கிறது. பள்ளித் தேர்வோடு நாம் மறந்த அணிகளை மீண்டும் கற்பது, இறைவார்த்தைக்குச் செலுத்தும் மரியாதையேயாகும்.

அந்த முதியவர் இப்போது இறைவனடியில் இருக்கிறார். இன்று அவர் கேட்டால் சொல்ல எனக்கு விடை உண்டு: "பெரியவரே, நீங்களும் நானும் அந்த எரிகோ சாலையில்தான் நடந்துகொண்டிருக்கிறோம். விலகிப் போவதா, நின்று குனிவதா என்பதையே கதை நம்மிடம் கேட்கிறது."