அறைக்கு வெளியே பாட்டி

மேரி அய்ன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டா போனார். 26 குடும்பங்களை வீடுவீடாகச் சென்று பார்த்தார். குழந்தைகள் தாயல்லாத பிறர்மீதும் பற்றுக் கொள்வதை 1967இல் வந்த நூலில் பதிவு செய்தார். பால்டிமோரிலும் ஓராண்டு வீட்டில் பார்த்த பிறகே ஆய்வறைச் சோதனை: சுமார் 20 நிமிடம், தாய் இருமுறை வெளியேறுவார், திரும்பும்போது குழந்தை நடந்துகொள்வதை வைத்து அதை வகைப்படுத்துவார்கள்.

பின்வந்த ஆய்வுலகம் பெரும்பாலும் வீட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டது. அறையில் அளப்பது சுலபம். அறிவதற்கான கருவி, தீர்ப்பு வழங்கும் அதிகாரமாக மாறுவது இப்படித்தான்.

நான் பாட்டி இடுப்பில் வளர்ந்தவன். ‘நான் வேலை முடிஞ்சு வந்தா நீ திரும்பிக்கூடப் பாக்கமாட்டேடா’ என்பாள் அம்மா. அந்த அறையில் என்னை ‘தவிர்க்கும்’ குழந்தை என்று குறித்திருப்பார்கள். வெளியே பாட்டி நிற்பதை யார் கேட்பது? உகாண்டாக் காலத்து அய்ன்ஸ்வொர்த் கேட்டிருப்பார்.