சிறு படகின் ஓரக்காப்பு: மிரர் டிங்கியை முன்வைத்து

படகின் பக்கப் பலகை மேலே முடிகிற விளிம்பை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் ‘கன்வேல்’ என்று வரும். படகோட்டிகள் வாயில் அது ‘கன்னல்’. பீரங்கிகளைத் தாங்கிய பலகை என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். தமிழில் கன்னல் என்றால் கரும்பு! இந்தக் கட்டுரை முழுக்க கன்னல் என்றே எழுதப்போகிறேன். கரும்பை நினைத்துக்கொண்டு படித்தாலும் பாதகமில்லை.

சின்னப் படகில் முதலில் அடிவாங்குவது இந்தக் கன்னல்தான். அதனால் அதற்கு ஒரு காப்பு போடுவார்கள். ரப்பர், பி.வி.சி., கயிறு, மரச்சட்டம், சிலர் பழைய தீயணைப்பு ஹோஸைப் பிளந்துகூட மாட்டுவார்கள். இதில் எது நல்லது என்ற பேச்சு பெரும்பாலும் நிறம், விலை, அகலம் என்றே போகிறது. எனக்கு அதில் குறை உண்டு. காப்பு என்பது ஒரு வடிவமைப்பு முடிவு. அதை வடிவமைப்பாக வைத்து விமர்சிக்க ஒரு குறிப்பிட்ட படகு தேவை. நான் எடுத்துக்கொள்வது மிரர் டிங்கி.

தெரியாதவர்களுக்கு: பிரிட்டனில் 1963-ல் வந்த, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் படகு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், டி.வி.யில் ‘நீங்களே செய்யலாம்’ வகை நிகழ்ச்சி நடத்திய பாரி பக்னலும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று விற்றது, அதனால்தான் அந்தப் பெயர். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். நீளம் 3.3 மீட்டர், வெற்று உடல் 45.5 கிலோ. காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகலாம். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. மூக்கு கூராக இருக்காது, முன்னாடியும் ஒரு குறுக்குப் பலகை.

கட்டும் முறை அழகானது. வெட்டிய ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் ‘தைத்து’, அந்தத் தையல்மேல் ஃபைபர்கிளாஸ் டேப்பும் ரெசினும் போட்டு இறுக்கிவிடுவது. இதைப் படிக்கும் எந்தச் சென்னைக்காரருக்கும் மசூலா படகு ஞாபகம் வரும். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த படகு அது. ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டம் கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் போட்டால் படகு முழுக்க நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். மிரரில் தையல் கட்டும்போது மட்டும்தான், ரெசின் இறுகியதும் அது விறைப்பான ஒரே பெட்டி. விறைப்பான பெட்டியில் அடி பரவாது, பட்ட இடத்திலேயே நிற்கும். அந்த இடம் பெரும்பாலும் கன்னல். இத்தனை லேசான படகுக்கு ஓரக்காப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு என் விளக்கம் இதுதான்.

சரி, காப்பு யாரைக் காக்க? ஒரு பாய்மரக் கப்பலுக்குப் போய்வர மிரரை வைத்திருப்பவர் காக்க நினைப்பது பெரிய கப்பலின் பளபளப்பை. அவருக்கு மெத்தென்ற, கறை விடாத காப்பு வேண்டும். ஏரியில் ஓட்டிவிட்டுச் சிமென்ட் சரிவில் இழுத்து ஏற்றி, கவிழ்த்துவைப்பவர் காக்க நினைப்பது தன் படகை. அவருக்கு வழுக்கிப்போகும், தேய்ந்தால் மாற்றக்கூடிய, கடினமான ஒன்று வேண்டும். மெத்தென்ற ரப்பர் சிமென்டைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது, கிழியும். இரண்டு பேருக்கும் ஒரே சரக்கைப் பரிந்துரைப்பது சரியில்லை. இன்னொன்று, கன்னலுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி தண்ணீரில் நடப்பதே இல்லை. கவிழ்க்கும்போது, நிமிர்த்தும்போது, கூரைக் கம்பியில் ஏற்றும்போதுதான். அதாவது விளிம்பின் மேல்முகம்தான் அதிகம் தேய்கிறது. பக்கவாட்டில் மட்டும் ஒட்டும் அரைவட்டக் காப்பு இந்த அடியைத் தடுக்காது.

இங்கேதான் எல்லோரையும் மயக்கும் ஒரு சரக்கு வருகிறது. கார் கதவு ஓரத்தில் இருப்பதுபோல, கவ்விக்கொள்ளும் யு வடிவப் பட்டை. ஒட்ட வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம், கையால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடும். மேல்முகமும் மூடிவிடும். பார்க்கவும் நேர்த்தி. மர விளிம்புள்ள படகுக்கு இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது என்பது என் தீர்ப்பு.

முதல் காரணம், பெரும்பாலானவற்றில் கவ்வும் பலத்தைத் தருவது உள்ளே புதைந்திருக்கும் எஃகு கிளிப்புகள். காருக்கு அது போதும். உப்புத்தண்ணீரில் வெட்டிய முனை வழியே ஈரம் ஏறி எஃகு துருப்பிடித்து உப்பும், பிடி தளரும். இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. ப்ளைவுட்டின் விளிம்பில் மர இழைகளின் வெட்டுமுகம் திறந்திருக்கிறது, தண்ணீரை உறிஞ்ச அதுதான் வாசல். பட்டை அந்த வாசலை அடைத்துக் காப்பதாகத் தெரியும். உண்மையில் அது கவிழ்த்துவைத்த ஒரு கால்வாய். மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போகும், காற்று போகாததால் வெளியே வராது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுக்கும் பூஞ்சைக்கு வாழ்வில்லை. இந்தப் பட்டைக்குள் அந்த அளவுக்குக் காயவே காயாது. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும் என்பதால் கடல்தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் இங்கே எதிரி. எங்கள் தொழிலில் எர்ரரைப் பிடித்து, லாக்கில்கூட எழுதாமல் விழுங்கிவிடும் கோடு என்று ஒன்று உண்டு. எல்லாம் நன்றாக ஓடுவதுபோல இருக்கும். இந்தப் பட்டையும் அதே ஜாதி. கழற்றும் நாளில்தான் கத்தி முனை மரத்துக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அலுமினியத்திலோ ஃபைபர்கிளாஸிலோ செய்த படகென்றால் இந்த உளுக்கும் கவலை இல்லை, அங்கே நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன்.

மிரரின் மூல வடிவமைப்பு இந்த விஷயத்தில் எப்படி? கன்னலின் வெளிப்பக்கம் நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். எளிமை, லேசு, காற்றுபடும், வார்னிஷ் போனால் கண்ணுக்குத் தெரியும். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு குறை. அந்தச் சட்டம் மெல்லிய பக்கப் பலகைக்கு விறைப்பும் தருகிறது, உரசலையும் வாங்குகிறது. இரண்டு வேலை, ஒரே பாகம். தேயத் தேயப் படகின் பலமும் சேர்ந்தே குறைகிறது. மாற்றலாம் என்றால் பசையோடு ஒட்டியது, ப்ளைவுட்டின் மேல் ஏட்டையும் உரித்துக்கொண்டுதான் வரும். ஹோல்ட் போன்ற ஆள் இதை யோசித்திருக்க மாட்டார் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்காரர் ஒரு குளிர்காலத்தில் கட்டி முடிக்க வேண்டிய, விலை எகிறாத படகில் இரண்டாவது சட்டம் ஆடம்பரமாகப் பட்டிருக்கலாம். இன்று நாம் செய்ய வேண்டியது அந்த இரண்டாவது சட்டத்தைச் சேர்ப்பதுதான். கன்னல் சட்டத்தின்மேல், ஒட்டாமல் ஸ்க்ரூவில் மட்டும் நிற்கும் ஒரு மெல்லிய மரப்பட்டி. தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம்.

மெத்தென்ற காப்புதான் வேண்டும் என்பவருக்கு டி வடிவ ரப்பர். முதலில் எடைக்கணக்கு. 25 மில்லிமீட்டர் அளவுள்ள கெட்டி டி-யின் குறுக்குப் பரப்பு ஐந்தரை சதுர சென்டிமீட்டர் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 7 மீட்டர். ரப்பரின் அடர்த்தி 1.2 என்று வைத்தால் நாலரை கிலோவுக்கு மேல். படகின் எடையில் பத்தில் ஒரு பங்கு! அதனால் உள்ளே குழிவான டி-தான் சரி. பொருளில் பி.வி.சி. மலிவு, சுடுதண்ணீரில் போட்டால் இளகி வளையும், ஆனால் வருஷங்கள் போகப்போக அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெளியேறி விறைக்கும், நீளத்திலும் சுருங்கும். இ.பி.டி.எம். ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். சூடுபடுத்தினால் இளகாது, அதனால் வளைவில் மல்லுக்கட்ட வேண்டும். கறுப்பு ரப்பர் அடுத்தவர் கப்பலில் கோடு போடும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் வாங்கினால் சாம்பல் நிற இ.பி.டி.எம்.

மாட்டும்போது பி.வி.சி.யைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, நெருக்கித் தள்ளிக்கொண்டே ஸ்க்ரூ போட வேண்டும், இழுத்துப் போட்டால் சுருங்கிய பிறகு முனையில் இடைவெளி விழும். மிரரின் முன்மூலைகளில் ரப்பரை மடக்கவே வேண்டாம், மடித்தால் பிதுங்கும். அங்கே நிறுத்திவிட்டு முன்பலகைக்குத் தனித்துண்டு போடலாம். 15 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ என்றால் 7 மீட்டருக்குச் சுமார் 47 ஓட்டை. நாற்பத்தேழு தண்ணீர் வாசல்! ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் ஸ்க்ரூவுக்கான சின்னத் துளை போடுவதுதான் முறை. சலிப்பான வேலைதான், ஆனால் படகின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. சிலிக்கான் சீலன்ட் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. பாலியூரித்தேனும் வேண்டாம், கழற்றும் நாளில் மரத்தைப் பிய்க்கும். ஸ்க்ரூ தலைக்கு அடியில் பியூட்டைல் டேப் போதும். எவர்சில்வர் ஸ்க்ரூ என்றால் கவலையே இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. காற்றில்லாத ஈர இடுக்கில் அதுவும் அரிக்கும்.

குழிவான டி-யில் கடைசியாக ஒன்று. ஸ்க்ரூவை உள்சுவரில் போடுவதற்காக முன்முகத்தில் துளையிடுவோம், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் குழிக்குள் இறங்கும். கன்னல் கோடு நடுப்பகுதியில் தாழ்ந்து இருப்பதால் எல்லாம் அங்கே வந்து தேங்கும். படகை நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் மிகத் தாழ்ந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ரப்பரின் அடிமுகத்தில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்றிரண்டு போட்டுவிட வேண்டும். கவிழ்த்துவைக்கும் படகானால் முன்முனையும் பின்முனையும் திறந்தே இருக்கட்டும், அழகுக்காக மூடி போட வேண்டாம்.