எமது வரிசை

எருமப்பட்டியில் நண்பர்கள் கேட்டனர்: எப்படத்துக்கு முதலிடம்? 'பராசக்தி' (1952) என்போம் என்றே எதிர்பார்த்தனர். இல்லை, 'ரத்தக்கண்ணீர்' (1954)! பராசக்தியின் நீதிமன்றத்திலே தமிழ் முழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் எம்.ஆர். ராதாவின் மோகனோ, தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்குத் தானே மணம் முடித்து வைக்கிறான். மேடையிலே பேசிப் பேசிக் களைத்த சீர்திருத்தம் அங்கே மாலை சூடுகிறது. குறையும் உண்டு. தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் காட்டியது தவறு. கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது அது. நோயாளி குற்றவாளியா? அடுத்தது, அண்ணாவின் 'வேலைக்காரி' (1949). பணிப்பெண் அமிர்தம், செல்வர் வேதாசல முதலியார் வீட்டு மருமகளாகிறாள்! பராசக்திக்கு மூன்றாமிடம். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த 'மந்திரிகுமாரி' (1950)? பக்கத்து ஊர்ப் பாசம் எம்மையும் இழுக்கத்தான் செய்கிறது. எனினும் அரண்மனையை விட்டு அடுப்படிக்கு வரவில்லை அப்படம். நான்காமிடமே!