அடிவானத்தைப் பார்க்கப் பழகுங்கள்

நட்சத்திர தரிசனம் என்றாலே அண்ணாந்து பார்ப்பதுதான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர்கள், கடற்கரைக்குப் போனாலும் மணலில் மல்லாந்து படுத்து உச்சி வானத்தையே உற்று நோக்கிவிட்டு, கழுத்து வலியோடும் சிறிது ஏமாற்றத்தோடும் வீடு திரும்புவது வழக்கம். உச்சி வானத்தை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். அதற்குச் சமுத்திரம் தேவையில்லை. மரமும் மாடமும் மலையும் குறுக்கிடாமல், நீரும் ஆகாயமும் சந்திக்கும் அந்த ஒற்றைக் கோட்டில், ஒரு நட்சத்திரம் உதிக்கும் முதல் கணத்தையே காணக் கிடைப்பதுதான் கடலோர வாசிகளுக்கு வாய்த்த பாக்கியம். ஆகவே மார்கழியில் கடற்கரைக்குச் செல்லும் ரசிகர், கண்ணைத் தாழ்த்தி அடிவானத்தைப் பார்க்க முதலில் பழகிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் ஸ்தலம் கோடியக்கரை. கிழக்கு முகமாகவே தெற்கு நோக்கி இறங்கி வரும் சோழமண்டலக் கரை, வேதாரணியத்தைத் தாண்டியதும் இங்கே மேற்கே மடங்கிவிடுவதால், ஒரு பக்கம் வங்காள விரிகுடாவும் மறுபக்கம் பாக் நீரிணையுமாக, கிழக்கிலும் தெற்கிலும் தடையற்ற நீர்ப்பரப்புக் கிடைக்கிறது. காட்டுப்பகுதி சரணாலயமாதலால் இருட்டில் அங்கே நடமாடலாகாது. மீனவர் குடியிருப்பை ஒட்டிய மணல்வெளியே போதும்.

ஆனால் இரவை ரசிக்க விரும்புகிறவர் பகலைக் கவனியாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவந்து கொட்டும் வடகிழக்குப் பருவக்காற்று, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆர்ப்பரித்துவிட்டு மார்கழியில் தளரத் தொடங்குகிறது என்றாலும், அது எந்த நாளில் ஓய்ந்திருக்கிறது, எந்த நாளுக்கு மிச்சம் வைத்திருக்கிறது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது, காற்றுத்தான் சொல்லும். பிற்பகல் நாலு மணிக்கு வடக்கிலிருந்து வறண்ட வாடை வீசினால் அன்றிரவு வானம் துலக்கமாயிருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். காற்று கொண்டலாகத் திரும்பி, கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, கடலின் தொலைவில் மேகங்கள் கோபுரம் கோபுரமாக எழுந்து நின்றால், முன்னிரவு எவ்வளவு நிர்மலமாக இருந்தாலும் விடியுமுன் மழையை எதிர்பார்க்கலாம். மணல் இரவில் சீக்கிரம் குளிர்ந்துபோக, நீரோ தன் உஷ்ணத்தை எளிதில் விடாமல் வைத்திருப்பதால், கரையிலிருந்து கடலை நோக்கிக் கிளம்பும் மெல்லிய காற்று, எதிரே வரும் ஈரக்காற்றைக் கரையருகிலேயே சந்தித்து மேலே தள்ளிவிடுவதனால் நேரும் விநோதம் இது. அத்தகைய இரவுகளில் தூரத்து மேகங்களுக்குள் மின்னல் மட்டும் தெரியும், இடி கேளாது. அதுவும் ஓர் அழகான காட்சிதான் என்பதால் உடனே எழுந்து போய்விட வேண்டாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலைக் கண்ட இவ்வூர்க்காரர்களுக்கு இந்த உபதேசம் அநாவசியம். வெளியூர் ரசிகர்களுக்காகச் சொல்கிறேன்.

மார்கழி பிறந்த முதல் வாரத்தில், நிலவில்லாத ஒரு நாளாகப் பார்த்து, மாலை ஏழு மணிக்குக் கிழக்கு முகமாக அமருங்கள். அடிவானத்துக்குச் சிறிது மேலே மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தூக்கிப் பிடித்த குச்சி மாதிரிச் சற்றே சாய்ந்து நிற்கும். மேலைநாட்டார் வேட்டைக்காரனாகக் கற்பித்த ஓரியன் மண்டலத்தின் அரைக்கச்சை அது.  அந்த மூன்றையும் ஒரு கோடாகப் பாவித்துக் கீழே நீட்டினால், கோடு கடலைத் தொடும் இடத்துக்குச் சமீபத்தில், ஏழரை மணிக்குள் சிரியஸ் உதயமாகும். இரவு வானத்தின் நட்சத்திரங்களுள் மிகப் பிரகாசமான அது, உச்சியிலிருந்து வரும் ஒளி கடப்பதைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு காற்றைக் கடந்து நம்மை வந்தடைவதால், வெண்மையை இழந்து சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறித் துடிக்கும். முதலில் அதை ஏதோ படகின் விளக்கு என்றே நினைப்பீர்கள். ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால், படகு விளக்கு நீர்க்கோட்டிலேயே நிற்க, நட்சத்திரம் மேலேறிவிடும். வாயுமண்டலம் ஒளியை வளைப்பதனால், உதயமாகிவிட்டதாக நாம் ஆனந்திக்கும் அந்தக் கணத்தில் நட்சத்திரம் உண்மையில் முழுநிலவின் அகலமளவு கடலுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை அறிந்தபின் அந்த ஆனந்தம் இரட்டிப்பாகிறதே தவிரக் குறைவதில்லை. மூடாக்கான நாட்களில் ஒரு விரற்கடை ஏறிய பிறகே கண்ணுக்குப் படும்.

சிரியஸைப் பார்த்த களிப்பில் இருந்துவிடாமல் தென்கிழக்கே திரும்புங்கள். இருபது நிமிஷம் கழித்து, பிரகாசத்தில் இரண்டாவதான அகத்தியர் நட்சத்திரம் நீருக்கு மேலே வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்கள் தங்கள் ஆயுள் முழுவதும் சொந்த ஊரில் காண முடியாத இந்த நட்சத்திரம், சமுத்திரத்தையே குடித்தவர் என்று புராணம் புகழும் முனிவரின் பெயரைத் தாங்கிச் சமுத்திரத்திலிருந்தே எழுவதைக் காணுமிடத்துக்குச் சிறிது வடக்கே, அகத்தியான்பள்ளி என்ற ஊர் இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 

இந்த இரட்டை உதயத்தை ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். நட்சத்திரங்கள் நாள்தோறும் நாலு நிமிஷம் முந்தி உதிப்பதால், பத்து நாட்களில் இந்தக் காட்சி அந்தி வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்கிறவருக்குத்தான் வானம் நகர்வது கண்கூடாகத் தெரியும். அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. வடக்கே துருவ நட்சத்திரம் இங்கே சரியாக ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கிறது. அரபு மாலுமிகள் இதே உயரத்தை, முடிச்சிட்ட கயிறு கோத்த ஒரு சிறு பலகையால் அளந்து, கடலில் தாங்கள் வடக்கு தெற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கண்டார்கள்.

மார்கழித் திருவாதிரையன்று பூரண சந்திரன் திருவாதிரை நட்சத்திரத்தை ஒட்டியே சஞ்சரிப்பதால் மற்ற நட்சத்திரங்கள் மங்கிப்போகும். அன்று நிலவைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பெரிய வட்டமானால் உயரத்தில் பனித்துகள் மேகம் பரவியிருக்கிறது என்று அர்த்தம். விரிகுடாவில் எங்கேனும் காற்றழுத்தம் தாழ்ந்திருந்தால் அதன் முன்தூதனாக இது வருவதுண்டு.

தை பிறந்ததும் வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு, கரைக்காற்று முதுகில் படத் தெற்கே பார்த்து நின்றால், ஒன்றரை முஷ்டிக்கும் இரண்டரை முஷ்டிக்கும் இடையே தெற்குச் சிலுவை நேராக நிமிர்ந்து நிற்கும். நம் முன்னோர் திரிசங்கு என்றது இதைத்தான். அதே வேளையில் தென்மேற்கே சரிந்துகொண்டிருக்கும் இன்னொரு சிலுவையைக் கண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். அசல் சிலுவைக்கு இடப்பக்கத்தில் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் துணையாக நிற்கும், போலிக்கு அவை இல்லை. ஐந்தரைக்கெல்லாம் கிழக்கு வெளுத்துவிடும். பனி கொட்டும் நேரமாதலால் தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு போவது நலம்.