சாத்தியக்கூறு ஆய்வில் விடுபடும் கேள்வி



பெண்கள் முன்னேற்றத்துக்கு ஒரு செயல்திட்டம் எழுதச் சொன்னால், பலரும் தையல் வகுப்பு, பலகாரப் பயிற்சி என்றே தொடங்குகிறோம். ‘சாத்தியக்கூறு ஆய்வு’ என்ற பகுதியில் மண்டபம் இருக்கிறது, பயிற்றுநர் கிடைப்பார், செலவு இவ்வளவு என்று மூன்று வரி எழுதுவோம். முடிஞ்சது! வகுப்புக்கு வரும் அம்மாவுக்கு அந்த நேரம் எங்கிருந்து கிடைக்கும்? அவர் சம்பாதிக்கும் பணம் யார் கைக்குப் போகும்? இதை எத்தனை பேர் கேட்கிறோம், சொல்லுங்க?

இந்தக் குறை மாணவர் தாள்களில் மட்டும் இல்லை. பெரிய வளர்ச்சித் திட்டங்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டு நெல் திட்டங்கள் அதற்கு நல்ல சான்று.

காம்பியாவில் நடந்தது

அங்குள்ள மாண்டிங்கா மக்களிடையே சதுப்பு நிலத்தில் நெல் விளைவிப்பது பெண்களின் வேலை. ஆண்கள் மேட்டு நிலத்தில் நிலக்கடலை பயிரிடுவார்கள். ஒரு பெண் தானே திருத்திய வயல் அவளுடைய தனி வயல். அதன் பெயர் ‘கமன்யாங்கோ’. அதில் விளைவது அவளுக்கே. குடும்பப் பொது வயலுக்குப் பெயர் ‘மருவோ’. அதில் எல்லாரும் உழைக்க வேண்டும். விளைச்சலோ குடும்பத் தலைவரின் பொறுப்பு.

1966 முதல் 1974 வரை தைவான் நிபுணர்கள் அங்கே பாசன நெல் சாகுபடியை வளர்த்தார்கள். நெல் அறிந்தவர்கள் பெண்களாக இருந்தும், பயிற்சியும் கடனும் ஆண்களுக்கே போயின. ஜெனி டே என்ற ஆய்வாளர் இதை 1981இல் எழுதிக் காட்டினார்.

அடுத்து 1984இல் ஜஹாலி-பாச்சார் திட்டம் வந்தது. இம்முறை நிதி கொடுத்தவர்கள் விழித்துக்கொண்டு, வயல்கள் பெண்கள் பெயரில் பதிவாக வேண்டும் என்றார்கள். பதிவும் நடந்தது. ஆனால் நடைமுறையில் அந்த வயல்கள் ‘மருவோ’ என்று கருதப்பட்டன. ஆண்டுக்கு இரண்டு போகம் என்பதால் பெண்களின் உழைப்பு கூடியது. தனி வருமானத்துக்கு இருந்த உரிமை சுருங்கியது. சில பெண்கள் வேலை செய்ய மறுத்தார்கள். சிலர் உழைப்புக்கு நெல்லைக் கூலியாகக் கேட்டு வாங்கினார்கள். ஜூடித் கார்னியின் ஆய்வுகள் இதை விரிவாகச் சொல்கின்றன.

எங்கே பிழை?

நியாயமாகப் பார்த்தால், தொழில்நுட்பக் கணக்கு தப்பு இல்லை. ஆற்று நீர் இருந்தது. இரண்டு போகமும் விளைந்தது. பிழை வேறு இடத்தில். திட்டமிட்டவர்கள் குடும்பத்தை ஒரே பணப்பையாக எண்ணினார்கள். அந்தப் பைக்குள் யார் போடுகிறார், யார் எடுக்கிறார் என்று பார்க்கவில்லை. இரண்டாவது திட்டம் பெயரைக் கவனித்தது. ஆனால் ‘மருவோ’ என்ற ஒரு சொல்லுக்குள் இருந்த அதிகாரத்தைக் கவனிக்கவில்லை. பெயர்ப் பதிவு வேறு, கட்டுப்பாடு வேறு.

கேரோலைன் மோசர் பெண்களின் வேலையை மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்: வருமான உழைப்பு, வீட்டு உழைப்பு, சமூகப் பணி. முதலாவதை மட்டும் எண்ணினால், ‘அவருக்கு ஓய்வு நேரம் உண்டு’ என்ற தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

உங்கள் தாளில் என்ன செய்யலாம்?

1. நேரம்: விடியல் முதல் இரவு வரை யார் என்ன வேலை செய்கிறார் என்று அட்டவணை போடுங்க.
2. உரிமை: நிலம், கருவி, வங்கிக் கணக்கு யார் பெயரில்? முடிவு செய்வது யார்?
3. வருமானம்: பணம் வந்தால் யார் செலவழிப்பார்?
4. கேட்கும் முறை: பெண்களைத் தனியாகவும் கேட்டீர்களா? குடும்பத் தலைவரின் பதிலையே வீட்டின் பதிலாக எடுத்துக்கொண்டீர்களா?
5. முடிவு: ‘இந்த வடிவில் வேண்டாம்’ என்று சொல்ல உங்கள் ஆய்வில் இடம் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்வியை ஆசிரியர்கள் வலியுறுத்த வேண்டும். முன்பே முடிவெடுத்த திட்டத்துக்கு ‘ஆமாம்’ போடுவது ஆய்வு ஆகாது. ‘நேரத்தை மாற்றினால் ஒழிய இது நடக்காது’ என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீங்க. திறனாய்வுச் சிந்தனை என்று நாம் எதிர்பார்ப்பது அதைத்தான்.